ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: 20 மீட்டர் கயிறும் ஒரு வெள்ளிக்காசும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பிள்ளைகள் சீருடை முழுக்கச் சுண்ணாம்புத் தூளோடு வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். துவைத்துக் களைத்த அம்மாக்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டுத் திடலில் அவர்கள் ஒரு ராஜாவின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

சமூக அறிவியலில் பண்டைய நாகரிகங்கள் பாடம் நடக்கிறது. எகிப்தின் தெற்குக் கோடியில், நைல் நதியோரம் அபு சிம்பெல் என்று ஓர் இடம். கிட்டத்தட்ட 3,200 ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ராம்சேஸ் என்ற அரசர் மலைப்பாறையைக் குடைந்து அங்கே கோயில் எடுத்தார். வாசலில் அவருடைய சிலையே நான்கு. உட்கார்ந்த நிலையிலேயே ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரம். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. அதனால் நம் சமூக அறிவியல் ஆசிரியை 20 மீட்டருக்கு நைலான் கயிற்றை அளந்து எடுத்துக்கொண்டு திடலுக்கு அழைத்துப் போனார். கொடிக்கம்பத்தடியில் பிடித்த கயிறு வேப்பமரத்தைத் தாண்டிப் போயிற்று. சுண்ணாம்பால் கோடு போட்டு, பாதம், முழங்கால், தலை என்று குறித்து, ஒவ்வொருவராக அதன் ஓரத்தில் படுத்துப் பார்த்தார்கள். வகுப்பிலேயே நெட்டையான பையனும் ராஜாவின் முழங்கால் பக்கம்கூட வரவில்லை.

அப்புறம் வகுப்புக்குத் திரும்பிப் படத்தைப் பார்த்தோம். ராஜாவின் கால்களை ஒட்டி அவருடைய தாய், மனைவி, பிள்ளைகளின் சிலைகள் நிற்கின்றன. யாரும் அவர் முழங்காலுக்கு மேலே போகவில்லை. பக்கத்திலேயே ஒரு சின்னக் கோயில் உண்டு. ஹாத்தோர் என்ற பெண் தெய்வத்துக்கும் அரசி நெஃபர்தாரிக்குமாக எடுத்தது. அதன் முகப்பில் ராஜாவின் சிலைகள் நான்கு, ராணியின் சிலைகள் இரண்டு. ஆறும் ஏறக்குறைய ஒரே உயரம், 10 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “அங்கே முழங்காலுக்குக் கீழே நிற்கிற ராணி, இங்கே மட்டும் எப்படி இவ்வளவு வளர்ந்தாள்?”

நான் அப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உடனே பதில் சொல்லிவிட வேண்டாம் என்று ஆசிரியைக்குச் சைகை காட்டினேன். பத்து நிமிடம் வகுப்பே வாதாடியது. கடைசியில் ஒருவன் ராணியின் தலையைக் காட்டினான். பசுவின் கொம்பு, நடுவே சூரிய வட்டு. அது ஹாத்தோரின் கிரீடம். அங்கே அவள் வெறும் ராணி இல்லை, தெய்வத்தின் சாயலில் நிற்கிறாள். எகிப்தியச் சிற்பி காட்டிய அளவு உடம்பின் அளவல்ல, அந்தஸ்தின் அளவு. இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பெரிய கோயிலின் உட்சுவரில் காதேஷ் போர் செதுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 1274 வாக்கில் இன்றைய சிரியாவில், இன்றைய துருக்கிப் பக்கத்தை ஆண்ட ஹிட்டைட்டுகளோடு நடந்த போர் அது. சுவரைப் பார்த்தால் ராம்சேஸ் தேரில் ஏறி எதிரிப்படையைச் சிதறடிக்கிறார். உண்மையில் யாருக்கும் முழு வெற்றி இல்லை. காதேஷ் நகரமும் எகிப்தின் கைக்கு வரவில்லை. ஏறக்குறைய 15 ஆண்டு கழித்து இரு தரப்பும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. எகிப்தியர் அதைக் கர்னாக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஹிட்டைட்டுகளின் பிரதி களிமண் பலகையில், இன்றைய துருக்கியில் கிடைத்தது. “அப்படியென்றால் கோயில் சுவர் பொய் சொல்லுமா?” என்று ஒரு பையன் கேட்டான். நாம் எதை நம்ப வேண்டும் என்று அந்த அரசர் ஆசைப்பட்டாரோ அதைச் சொல்லும் என்றார் ஆசிரியை. கல்லில் இருந்தாலும் காகிதத்தில் இருந்தாலும் “இதை யார், யாருக்காகச் சொல்கிறார்கள்?” என்று கேட்கும் பழக்கம் இந்த வயதில் வந்துவிட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். இந்தப் பாடத்துக்கு இத்தனை நாள் ஒதுக்கியதும் அதற்காகத்தான்.

பெற்றோர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, “வேற்று நாட்டுச் சாமியை என் பிள்ளை ஏன் வரைய வேண்டும்?” என்று வருத்தத்தோடு கேட்டார். நியாயமான கேள்வி, மறைக்காமல் கேட்டதற்கு அவருக்கு நன்றி. யாரையும் எதையும் கும்பிடச் சொல்லவில்லை. அபு சிம்பெலின் கருவறையில் நான்கு உருவங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மூன்று தெய்வங்கள், அவர்களோடு சரிசமமாக ராம்சேஸ். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளை ஒட்டி, காலைச் சூரியன் 60 மீட்டர் உள்ளே நுழைந்து அந்த வரிசையில் படுகிறது. ஓரத்தில் இருக்கும் ப்தா என்ற தெய்வம் மட்டும் இருட்டிலேயே இருக்கும். உயிரோடு இருந்த ஒரு மனிதர் தெய்வங்களின் வரிசையில் தனக்கு இடம் போட்டுக்கொள்ள என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அந்த வாசலில் எனக்கு மிகவும் பிடித்தது அரசர் வைத்ததல்ல. 600 ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்த வழியாகப் போன கிரேக்கக் கூலிப்படை வீரர்கள் ஒரு சிலையின் காலில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். ராஜாவின் பெருமையோடு அவர்களுடைய பெயரும் இன்றுவரை அதே கல்லில் இருக்கிறது. 1960களில் அணை கட்டி நீர்மட்டம் உயர்ந்தபோது கோயிலையே துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். அப்போதும் அந்தக் கீறல்கள் கூடவே போயின.

இனி வேலைக்கு வருகிறேன். இந்தப் பாடத்துக்கான செயல்திட்டத்துக்குக் கடையில் படம் வாங்கி ஒட்ட வேண்டாம். நீங்களும் வரைந்து கொடுக்க வேண்டாம். இரண்டு கிராஃப் தாள், ஸ்கேல், பென்சில், ரப்பர் போதும். எகிப்தியக் கலைஞர்கள் சுவரில் கட்டம் போட்டுத்தான் உருவம் எழுதினார்கள். நிற்கும் ஆளுக்குப் பாதத்திலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். முழங்கால் 6ஆவது கோட்டில், தோள் 16ஆவது கோட்டில். முகம் பக்கவாட்டில், கண்ணும் தோளும் நேராக. உங்களையோ தாத்தா பாட்டியையோ பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்குள் வரைந்து வரட்டும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுகொடுங்கள். வரைந்த பிறகு, குடும்பத்தில் யாரைப் பெரிதாக வரைந்தாய், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த பாடம் ரோம். பேரரசர் அகஸ்டஸ் 75 வயதைத் தாண்டி வாழ்ந்தும் அவருடைய சிலைகளுக்கு வயது ஏறவே இல்லை. 1863இல் ரோமுக்கு வெளியே பிரிமா போர்ட்டாவில் கிடைத்த புகழ்பெற்ற சிலையில் இளைஞராக, மார்புக்கவசம் பூண்டு, வெறுங்காலோடு நிற்கிறார். காலடியில் டால்பின் மேல் குட்டிக் காதல் தெய்வம். தன் குலம் வீனஸ் தேவியின் வழி வந்தது என்று சொல்வதற்காக. இந்த அகஸ்டஸின் முகம் நம் ஊருக்கே வந்தது. கோவை, கரூர்ப் பக்கம் கிடைத்த வெள்ளிக்காசுகளில் அவர் தலையைச் சுற்றி லத்தீனில் எழுதியிருப்பதில் ‘தெய்வமானவரின் மகன்’ என்ற பொருளும் உண்டு. தெய்வமானவர் என்றது அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரை. புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த 500க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகளிலோ, பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். பிள்ளைகளும் தங்கள் பங்குக்கு யோசிக்கட்டும்.

அதற்காக வரும் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். தமிழகத்தில் கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே உள்ளன. காலை 8 மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பி மின்சார ரயிலில் போய், மாலை 4 மணிக்குள் திரும்பிவிடுவோம். பயணச் செலவைப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது. மதியச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். கீழே உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். உடன் வரக்கூடிய பெற்றோர் நான்கு பேர் தேவை, விருப்பமுள்ளவர்கள் சீட்டிலேயே எழுதுங்கள்.

ஒரு வெள்ளிக்காசு நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடவும் சின்னது. எழுத்து இன்னும் சின்னது. வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் அதையும் மறக்காமல் பையில் வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்