விற்பதற்கு வாங்கிய விலை அளவுகோலா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஐபிஓ (ஒரு நிறுவனம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) வரும் வாரங்களில் எதை வாங்கலாம் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகிறது. எப்போது விற்பது என்று சொல்வாரைக் காணோம். சிறு முதலீட்டாளர் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை பட்டியலான 144 ஐபிஓக்களை ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி ஓர் அறிக்கை வெளியிட்டது. 20 சதவீதத்துக்கு மேல் ஏறிய பங்குகளில், தனிநபர்கள் மதிப்புக் கணக்கில் 67.6 சதவீதத்தை ஒரே வாரத்தில் விற்றிருக்கிறார்கள். நஷ்டத்தில் கிடந்தவற்றில் விற்றது 23.3 சதவீதம்தான்.

காரணம், 'போட்ட காசு வந்தால் போதும், விற்றுவிடலாம்' என்ற எண்ணம். செயலியைத் திறந்ததும் வாங்கிய விலையும் சிவப்பில் நஷ்டமும் கண்ணில் படுவது இந்த எண்ணத்தை இன்னும் இறுக்குகிறது. பங்கு இனி ஏறுமா என்பதற்கும் நாம் வாங்கிய விலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 400 ரூபாய்ப் பங்கு 200க்கு வந்தால் இறக்கம் 50 சதவீதம். பழைய விலைக்குத் திரும்ப 100 சதவீதம் ஏற வேண்டும். 'ஆவரேஜ் பண்ணுகிறேன்' என்று 200க்கு இன்னொரு 100 பங்கு வாங்கினால் சராசரி 300 ஆகும், உண்மைதான். ஆனால் 40,000 ரூபாய் சிக்கிய இடத்தில் இப்போது 60,000 சிக்கியிருக்கிறது.

ஒரு தாளில் பங்கின் பெயரையும் இன்றைய மதிப்பையும் மட்டும் எழுதுங்கள். அந்தத் தொகை இன்று ரொக்கமாகக் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா? கடைசி நான்கு காலாண்டு விற்பனை, கடன், ப்ரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) அடகு வைத்த பங்கு அளவு ஆகியவற்றைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். தொழில் நன்றாக இருந்து விலை மட்டும் இறங்கியிருந்தால் வைத்திருக்கலாம். 'வாங்கமாட்டேன்' என்றால் விற்பதே சரி.

விற்ற நஷ்டம் முழுக்க வீணாவதில்லை. 12 மாதத்துக்குள் விற்ற பங்கின் நஷ்டத்தைக் குறுகிய கால லாபம், நீண்ட கால லாபம் இரண்டிலும் கழிக்கலாம். குறுகிய கால லாபத்துக்கு வரி 20 சதவீதம் என்பதால், 20,000 ரூபாய் நஷ்டம் 4,000 ரூபாய் வரியைக் குறைக்கும். 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். மிச்ச நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை கொண்டுசெல்லலாம். கெடு தேதிக்குள் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவருக்கு அது கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு