ஆடியில் ஆடினோம்: ஒரு நன்றி மடல்

மதுரைக்காரர்களுக்கும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நடன விழா அழைப்பிதழில் ஆடியவர்களின் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, எந்த ஆட்டம் எத்தனை நிமிடம் என்பதுகூட இருந்தது. உதவியவர்களுக்கு மட்டும் கடைசியில் ‘அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரி. இரண்டு நாள் விழா முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது அந்த வரி உறுத்தியது. அதனால்தான் இந்த மடல். இதிலும் பெயர்களைப் போடவில்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது எங்களுக்கும் தெரியும்.

தென்மாவட்டங்களில் சமகால நடனம், அதாவது ‘கன்டெம்பரரி’ ஆடும் குழுக்களை ஒரே கூரையின் கீழ் ஆட வைக்க நினைத்தோம். கையிலிருந்த பணத்துக்கு எந்த அரங்கமும் கட்டுப்படியாகவில்லை. “ஆடியில யாரு கல்யாணம் வைக்கிறா? மண்டபமெல்லாம் பூட்டித்தானே கெடக்கும்” என்று வழி சொன்னது எங்களில் ஒருவரின் அத்தை. மண்டப உரிமையாளர் கரண்டுக்கும் துப்புரவுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். அத்தைக்கும் அவருக்கும் முதல் நன்றி.

மண்டபத்தில் தரை முழுக்க கிரானைட். பார்க்க அழகுதான், ஆடுகிறவர்களுக்கு எமன். குதித்து இறங்கும் வேகத்தைக் கல் வாங்கிக்கொள்ளாது. முட்டிக்கும் முழங்காலுக்குக் கீழே எலும்புக்கும் அப்படியே திருப்பித் தந்துவிடும். எங்கள் நண்பர்களில் இரண்டு பேர் இப்படித்தான் ஆட்டத்தையே விட்டார்கள். அதனால் சாப்பாட்டில் குறைத்தாலும் தரையில் குறைக்கக் கூடாது என்று முடிவெடுத்து, பிளைவுட் கேட்டு ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர், “கன்டெம்பரரின்னா டிவியில சோகப் பாட்டுக்கு உருளுவாங்களே, அதுவா?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடனக் கலைஞர் சந்திரலேகாவைப் பற்றிச் சொன்னோம். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர், 1985-ல் ‘அங்கிகா’வில் பரதத்தையும் கேரளத்துச் சண்டைக் கலையான களரியையும் யோகாவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர், அதற்கெல்லாம் வேலை நடந்தது சென்னை பெசன்ட் நகரில், கடற்கரை ஓரத்து வீட்டில் என்று ஒரு பிரசங்கமே செய்தோம். பொறுமையாகக் கேட்டவர், “சரி, ஷீட் எத்தன வேணும்?” என்றார். எட்டுக்கு நாலு அடியில், 18 மில்லிமீட்டர் கனத்தில் 24 ஷீட்டுகள், வாங்கிய விலைக்கே கொடுத்தார்.

அதைத் தரையாக்கியவர் எங்கள் ஆசாரி. லாரி டயர் பட்டறையில் கழித்துப் போட்ட ரப்பரைத் துண்டு போட்டு அடியில் வைத்தார். அதன்மேல் மர ரீப்பர்களை, அதாவது மெல்லிய சட்டங்களை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரிசை, அதற்கும் மேலே பிளைவுட். 32 அடிக்கு 24 அடி தரை ஒன்றரை நாளில் எழுந்தது. “சாமியாடுறவுக செங்கத் தரையிலதான ஆடுறாக, அவுகளுக்கு முட்டி போகலையா?” என்று கேட்டார். சாமியாடுகிறவர் வருஷத்துக்கு ஒரு நாள் ஆடுகிறார், இவர்கள் தினமும் ஆறு மணி நேரம் என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு ஸ்குரூவின் தலையும் மரத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், அத்தனை ஷீட்டையும். இரண்டு நாளும் ஒருவர் காலிலும் ஒரு கீறல் இல்லை. கறுப்பு பெயின்ட் மட்டும் வியர்வையில் கரைந்து எல்லார் பாதத்திலும் ஒட்டியது. மலிவு பெயின்ட் வாங்கியது நாங்கள், பழி எங்களுக்கே. தேங்காய் எண்ணெய் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி.

லைட் அண்ணனுக்கு இது புது வேலை. அவர் வழக்கமாக விளக்கு போடுவது திருவிழா மேடைகளில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு, அதில் முகம் பளிச்சென்று தெரிய வேண்டும். நாங்களோ பக்கவாட்டிலிருந்து, அதுவும் கணுக்கால் உயரத்தில் விளக்கு வைக்கச் சொன்னோம். “மொகம் தெரியாம என்னத்தப் பாக்குறது?” என்று முதல் நாள் முணுமுணுத்தார். மறுநாள், தூத்துக்குடிப் பெண் உப்பளத்தில் உப்பு இழுக்கும் அசைவுகளை ஆடியபோது, நாங்கள் கேட்காமலே எதிர்ப்பக்க விளக்கை அணைத்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அன்றுதான் அந்தப் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார். ஆடி உப்பு எடுக்கும் காலம் என்பதால் முதல் நாள் அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அப்புறம், அம்மன் கோயில் கமிட்டி. ஆடியில் மண்டபம் கிடைத்தால் ஆடி ஒலிபெருக்கியும் கூடவே கிடைக்கும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அடுத்த தெருவிலேயே கூழ் ஊற்றுகிறார்கள், குழாய் ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்த இரண்டு பெண்களின் ஆட்டமோ பாட்டே இல்லாதது. மடியில் பீடி சுற்றும் தட்டோடு உட்கார்ந்தபடி, பெரும்பாலும் விரல்களால் மட்டும், 22 நிமிடம். கமிட்டிப் பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். “ஏழுலருந்து எட்டரை வரைக்கும் நிப்பாட்டிக்கிறோம், ஆத்தா கோவிச்சுக்க மாட்டா” என்றார். நிறுத்தியதோடு விடாமல் ஆறேழு பேராக வந்து முன்வரிசை ஜமக்காளத்தில் உட்கார்ந்தும்விட்டார்கள். பத்து நிமிடம் போனதும் ஒருவர் என் காதில் கேட்டார்: “தம்பி, பாட்டு எப்பப் போடுவீக?”

பாட்டு கிடையாது என்றேன். எங்கள் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு இவன் பாட்டே போடவில்லையே என்ற பார்வை ஒன்று வந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் இலை உரசும் சத்தமும் மூச்சும் மட்டும் கேட்டபோது அவர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்தியிருந்தார். அன்று இரவு எங்கள் எல்லாருக்கும் கோயிலிலிருந்து கூழும் முருங்கைக்கீரையும் வந்தது.

சுளுக்கிய கணுக்காலுக்குக் கட்டுப்போட்ட பிசியோதெரபி மாணவிக்கு, ஜமக்காளமும் நாற்காலியும் தந்த சாமியானா கடைக்கு, நாகர்கோவில் குழுவை அதிகாலை மூன்றரைக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றிவந்து மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காத ஆட்டோ அண்ணனுக்கு, ராத்திரி பதினோரு மணிக்கும் சூடாக இட்லி ஊற்றிய கடை அக்காவுக்கு நன்றி. ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிட மாட்டார்கள், முடிந்ததும் ஆளுக்குப் பத்து சாப்பிடுவார்கள் என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தப்பு.

பிளைவுட் ஷீட்டுகள் இப்போது ஆசாரியின் பட்டறையில், ஓதம் ஏறாமல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆடுகிறவர்கள் யார் கேட்டாலும் கொடுப்போம், வண்டி வாடகை மட்டும் அவரவர் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. கூழ் வந்த ஒரு எவர்சில்வர் தூக்கு எங்களிடம் தங்கிவிட்டது. மூடியில் ‘சி.மு.’ என்று வெட்டியிருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். யாருடையதோ, மண்டபத்து வாட்ச்மேனிடம் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
விழாக் குழுவினர்