எங்கள் வண்ணச் சீசாக்களுக்கு அலமாரியைத் திருப்பிக் கொடுங்கள்

சமூகக் கூட நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

கடையில் வாங்கிய, முத்திரை உடைக்காத வண்ணங்களைத் தவிர வேறெதையும் ஓவிய வகுப்பில் பயன்படுத்தக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். இது பற்றிப் பேசலாம் என்று உள்ளே வந்தால் அலமாரி காலி. நாங்களே செய்து வைத்திருந்த பத்தொன்பது வண்ணச் சீசாக்களையும் அதற்குள் குப்பையில் போட்டிருந்தீர்கள். எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே எடுத்துப் போயிருப்பேன். இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

புகார் எங்கிருந்து வந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். பச்சை வண்ணச் சீசா ஒன்று பூசணம் பிடித்து நாறியது. அது என் தவறு. கருவேலம் பிசினையும் தேனையும் சேர்த்துக் குழைக்கும் நீர்வண்ணத்தில் சில சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட வேண்டும், அந்த முறை மறந்துவிட்டேன். அன்றே மன்னிப்பும் கேட்டேன். மற்ற பதினெட்டுச் சீசாக்கள் என்ன தவறு செய்தன?

அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அக்காவுக்குத் துணையாக வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் இருந்தான். "எனக்கு வரைய வராது" என்று சுவரோரமாகவே உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் அவனிடம் இரண்டு வாளியையும் கொஞ்சம் மஞ்சள் மண்ணையும் கொடுத்தேன். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கும் வரை சற்றுப் பொறுத்து, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் அடுத்த வாளிக்கு மாற்ற வேண்டும். கலங்கல் தெளிந்து அடியில் படியும் வண்டல்தான் நிறம். அவசரப்பட்டால் மணலும் கூட வந்துவிடும், தூரிகை காகிதத்தைக் கீறும். அவன் அவசரப்படவில்லை. நான்கு சனிக்கிழமை அதே வேலை. கடைசியில் ஒரு கைப்பிடி மஞ்சள் கிடைத்தது, விரலில் தேய்த்தால் ஈர மாவு போல.

அதில் பாதியை இரும்புச் சட்டியில் போட்டு, நான் பக்கத்தில் நிற்க, சூடேற்றினோம். அந்த மஞ்சள் மண்ணில், அதாவது மஞ்சள் காவியில், இருக்கும் நீர் சூட்டில் பிரிந்து போனால் மிஞ்சுவது செந்நிற இரும்பு ஆக்சைடு. புத்தகத்தில் அது ஒரு வரி. அவனுக்கு அது கண்ணெதிரே மஞ்சள் சிவப்பாவது. பிறகு நான் ஈரமாகக் குழைத்துக் கொடுத்ததைக் கண்ணாடிப் பலகையில் பிசின் நீர் விட்டு, குழவியால் அரைத்தான். முதலில் கரகரவென்று கேட்கும், நன்றாக அரைபட்டதும் சத்தம் அடங்கும். அந்தச் சத்தம் அடங்கும் இடத்தை அவனே காதால் கண்டுபிடித்தான். "சுடாதது", "சுட்டது" என்று இரண்டு சீசாவிலும் எழுதி ஒட்டினான். "சுட்டது" தொட்டு அவன் வரைந்த முதல் படம் அந்த இரும்புச் சட்டி.

அடுத்த வாரம் வந்து வெறும் அலமாரியைப் பார்த்தவன், "கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். கெடவில்லை. மண் கெடாது. ஏன் போட்டார்கள் என்று அவனுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை.

அந்தத் தடையை விலக்குங்கள் என்று கேட்கிறேன்.

பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறீர்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. உலர்ந்த நிறத்தூளை வகுப்பில் கையாள விடுவதே இல்லை, என் அறையில் முகக்கவசம் அணிந்து ஈரமாகக் குழைத்த பிறகே கொண்டுவருகிறேன். மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்யும் மையைப் பெரியவர்கள் மட்டும் கையுறை போட்டுச் செய்கிறார்கள். ஈயமோ ஆர்சனிக்கோ கலந்த எதையும் நான் உள்ளே விட்டதில்லை. ஆனால் கடையில் வாங்கியதென்பதால் மட்டும் ஒரு வண்ணம் தீங்கற்றதாகிவிடாது. ஓவியர்களுக்காக விற்கும் மஞ்சள், சிவப்புக் குழாய்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பது உண்டு. உங்கள் விதிப்படி அதைக் குழந்தை கையில் கொடுக்கலாம், கழுவி எடுத்த மண்ணைக் கொடுக்கக் கூடாது. வண்ணத்தை அடைக்கும் உலோகக் குழாய்க்கு ஜான் காஃப் ராண்ட் காப்புரிமை பெற்றதே 1841இல்தான். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் காவி குழைத்து வைத்த இரண்டு சிப்பி ஓடுகள் கிடைத்திருக்கின்றன. வண்ணம் செய்வது ஓவியத்துக்கு வெளியே உள்ள வேலை அல்ல. அதைப் பிடுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லிக்கொடு என்றால் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கூடத்தின் நுழைவாயில் சுவரில் இருக்கும் பறவைகளை இதே வகுப்புதான் வரைந்தது. பால் புரதமும் நீற்றுச் சுண்ணாம்பும் நான் தனியாகக் கலந்து கொடுத்தேன், அவர்கள் தீட்டினார்கள். வரும் விருந்தினரையெல்லாம் அதன் முன் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். விழா மேடைக்குத் திரை வேண்டுமென்றால் எங்களைத்தான் கூப்பிடுகிறீர்கள். அப்போதெல்லாம் முத்திரை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கூடத்துக்கு அழகு வேண்டும்போது கலை என்கிறீர்கள், அலமாரியில் இரண்டு தட்டு கேட்டால் அது பொழுதுபோக்கு ஆகிவிடுகிறது. குழாய் வண்ணம் வாங்க முடியாதவர்களுக்காகவே தொடங்கிய வகுப்பு இது. வாங்கிக்கொண்டு வா என்று சொல்லும் விதி அவர்களை வராதே என்று சொல்கிறது. இதை நீங்கள் யோசிக்கவில்லை என்றே நம்ப விரும்புகிறேன்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதல்ல. தடையை விலக்குங்கள், கீழ்த்தட்டு இரண்டையும் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு சீசாவிலும் என்னென்ன சேர்த்தோம், யார் செய்தார், எந்த நாளில் செய்தார் என்று எழுதி ஒட்டுகிறோம். பிசின் சேர்த்தவற்றை மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, கெட்டதை நானே அகற்றுகிறேன். குழுவிலிருந்து ஒருவர் எந்தச் சனிக்கிழமையும் வந்து சோதிக்கலாம். வந்து ஒரு முறை குழவி பிடித்துப் பார்த்தால் இன்னும் மகிழ்வேன்.

இனி எதையாவது அகற்ற வேண்டுமென்றால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், தயவு செய்து. அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் தந்தால், அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அலமாரி திரும்பக் கிடைத்துவிட்டது என்று நானே நேரில் சொல்லி அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை ஓவிய வகுப்பு ஆசிரியர்