'பட்டறை' பலகையைக் கழற்றச் சொன்ன நலச் சங்கத்தாருக்கு

தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

போன வாரம் வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்த கடிதம் கிடைத்தது. குடியிருப்புப் பகுதியில் பட்டறை நடத்தக் கூடாது, பெயர்ப்பலகையை ஏழு நாளில் அகற்ற வேண்டும் என்று இரண்டே வரி. சத்தம் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. விசாரித்துப் பார்த்தேன், புகாரே பலகையைப் பார்த்துத்தான் வந்ததாம். நாலு வருசமாக அந்த அறை கொல்லைப்புறத்தில் அப்படியேதான் இருக்கிறது. தீபாவளி லீவுக்கு வந்த பேரன், மிச்சமிருந்த பெயிண்டில் ஒரு தகரத்தின் மேல் 'அப்பாரு பட்டறை' (எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்போம்) என்று எழுதி ஆணியடித்துவிட்டுப் போனான். அடுத்த மாதம் கடிதம் வந்துவிட்டது. ஆக, உங்கள் வழக்கு அந்தச் சொல்லின் மேல்தான். சரி, நானும் சொல்லைப் பற்றியே எழுதுகிறேன். காலனிக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, தகரக் கூரை. பழைய நாலடி லேத் (கடைசல் மெஷின்) ஒன்று, அதற்கு அரை எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். ஒரு ட்ரில்லிங் மெஷின், பொருளை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். மூலையில் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் மூட்டை, திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வருவது. இதில் நான் செய்வதெல்லாம் உள்ளங்கையில் அடங்கும் பம்புகள். நிசமாகவே தண்ணீர் இறைக்கும், ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு. பித்தளைக் கட்டையை லேத்தின் சுழலும் பிடியான சக்கில் பிடித்து, டூல் பிட்டை, அதாவது வெட்டும் முனையை, மெல்லக் கொண்டுபோனால் பொடிப்பொடியாகத் தெறிக்கும். இரும்பென்றால் நீலம் பாய்ந்து சுருள் சுருளாக வரும். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவில் இடைவெளி கால் நூல் கூடிப்போனால் தண்ணீர் ஏறாது. ஒரு வாரத்து வேலை வீண். ஒரு பம்பு முடிய நாலைந்து மாதம் ஆகிறது. இதை விற்றுப் பிழைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் அந்த யோசனையை எனக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

இனி சொல்லுக்கு வருவோம்.

பட்டறை என்றால் தொழிற்சாலை என்று யார் சொன்னது? அதன் பழைய உருவம் பட்டடை. கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்குத்தான் அந்தப் பேர். திருக்குறளில் 821ஆம் குறளில் வருகிறது. (அது கூடா நட்பு அதிகாரம். சங்கத்தைக் குத்திக் காட்டவில்லை, அந்தச் சொல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, நான் என்ன செய்ய?) கல்லின் பேர் அப்புறம் அந்தக் கல் இருக்கும் இடத்துக்கு ஆகிவந்தது. பொங்கலூர், பல்லடம் பக்கம் போனால் வெங்காயப் பட்டறை இருக்கிறது. அடியில் காற்றுப் போக இடம் விட்டுக் கழி பரப்பி, அதன் மேல் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, தென்னங்கீற்று வேய்ந்து, விலை வரும்வரை காட்டிலேயே வைத்திருப்பார்கள். அங்கே எந்த மோட்டாரும் ஓடுவதில்லை. அவ்வளவு தூரம் எதற்கு? ஆறு மாதத்துக்கு முன் நம் சங்கமே 'யோகா பயிற்சிப் பட்டறை' என்று கேட்டில் பேனர் கட்டியது. அதை ஏழு நாளில் அகற்றச் சொல்லி யாருக்காவது கடிதம் போனதா?

பேரை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று செயலாளர் நேரில் சொன்னார். 'ஹாபி ரூம்னு போட்டுக்குங்களேன்' என்றார். நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். ஆனால் என்னைப் போல வீட்டில் எதையாவது அறுத்துக்கொண்டும் ராவிக்கொண்டும் இருக்கிற சிநேகிதர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். தங்கள் இடத்தை அவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர்கூட அகராதியைப் பார்த்துப் பேர் வைக்கவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்துச் சிநேகிதர் மரவேலை செய்கிறார். அவர் இடத்துக்குப் பேர் மோட்டார் ரூம். கிணற்று மேட்டில் பம்புசெட் இருந்த அறை அது. கிணறு வற்றி போர் போட்டார்கள், சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டது, அறை காலியானது. சுவரில் பழைய ஸ்டார்ட்டர் பெட்டி இன்னும் தொங்குகிறது, அதற்குள் உளி வைத்திருக்கிறார். 'உளி ரூம்' என்று சொன்னால் அவர் வீட்டில் யாருக்கும் புரியாது.

சோமனூரில் ஒருவர் டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி தேய்க்கிறார். வாரக் கணக்கில், கையால். அவருடைய இடம் தறிக்குடோன். தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. தரையில் போல்ட் இருந்த ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. ஏனுங்க, இன்னும் குடோன்னே சொல்றீங்க என்று ஒருமுறை கேட்டேன். 'வேற பேரு சொன்னா தறி போயிருச்சுன்னு ஆயிருமுங்க' என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

திருப்பூர்க்காரருக்கு அது கம்பெனி. பழைய தையல் மெஷின்களை வாங்கிக் கழற்றிப் பூட்டுகிறவர். அந்த ஊரில் இரண்டு மெஷின் இருந்தாலே கம்பெனிதானே. போன் செய்தால் அவர் வீட்டம்மா, 'கம்பெனிக்குப் போயிட்டாருங்க' என்பார்கள். போனது மொட்டை மாடிக்கு.

சரவணம்பட்டியில் ஒரு தம்பி, ஐ.டி. வேலை. பெட்ரூமில் த்ரீடி பிரிண்டரும் சால்டரிங் அயர்னும் வைத்துக்கொண்டு அதை ஸ்டூடியோ என்கிறான். 'வாடகை வீடுங்க. பட்டறைன்னா ஓனர் காலி பண்ணச் சொல்லுவாரு. ஸ்டூடியோன்னா சந்தோசப்படுறாரு' என்றான். போர்டு வைத்தால் கரண்ட் கட்டணத்தைக் கடைக் கணக்குக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்து பேரே வைக்காதவர்களும் உண்டு. பாதி நேரம் பேர் சூட்டுவது இடத்தைச் சொல்வதற்காக இல்லை, யாரிடமிருந்தாவது ஒளித்து வைப்பதற்காக.

எனக்குப் பிடித்த பேர் ஈரோட்டில் ஒரு அக்கா வைத்திருப்பது. மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கத்தைத் தடுத்து மண்பாண்டம் செய்கிறார். பேர் கேட்டால், 'என்ற எடம்' என்பார். அவ்வளவுதான். அந்த வீட்டில் வேறெந்த மூலையையும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கர்களுக்கு கராஜ்; ஹியூலெட் பேக்கார்ட் 1939இல் தொடங்கியது பாலோ ஆல்டோவில் ஒரு வீட்டு கராஜில். ஆஸ்திரேலியாவில் 1990களில் வயசான ஆண்கள் கூடி வேலை செய்யப் பொது ஷெட்டுகளே திறந்தார்கள். நம் காலனியில் கார் நிறுத்தும் இடத்தில் கார்தான் நிற்கிறது, அதற்கும் உறை போட்டு.

எனக்குப் பட்டறைதான். அப்பா இதே கோயமுத்தூரில், ஆவாரம்பாளையத்தில் லேத் ஓட்டியவர். காலையில் சோத்துப் போசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் சொன்ன சொல் அது ஒன்றுதான். முதலாளி வீட்டு முன்வாசலில்தான் லேத் நின்றது; உள்ளே அவருடைய பிள்ளைகள் பாடம் படித்தார்கள். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் 1930களில் வந்த பிறகு கோயமுத்தூரில் அப்படி எத்தனை வீடு! இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று சொல்லப்படுவதும் 1937இல் இங்கே வந்ததுதான், ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் இருவர் பேரையும் சொல்வார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பட்டறை என்ற சொல்லுக்குக் கூச்சப்பட என்னால் முடியாதுங்க.

சத்தம் என்றால் அது நியாயம், பேசலாம். கிரைண்டிங் வீல் போடும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடுகிறது என்று எனக்கே தெரியும். அதனால் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை எதையும் ஓட்ட மாட்டேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் அரம் போடுவது மட்டும். ஞாயிற்றுக்கிழமையும் பப்ளிக் பரீட்சை நாட்களும் முழு லீவு. இதைச் செயற்குழு மினிட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதே நேரக் கணக்கை மேற்குத் தெருவில் டைல்ஸ் அறுக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அவர்களிடம் பலகை இல்லை என்பதால் கடிதம் போகவில்லை போலிருக்கிறது.

பலகையைக் கழற்ற மாட்டேன். பேரன் மே மாதம் வருவான். 'றை' கொஞ்சம் கோணலாகிவிட்டது, திருத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறான்.

அப்புறம், பொருளாளர் வீட்டு மிக்ஸி கப்ளர் தயார். கேட்டின் கீலுக்குப் புது பின்னும் கடைந்து வைத்திருக்கிறேன், காசு வேண்டாம். இரண்டையும் வாங்க ஒருநாள் எல்லாருமாக வாருங்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டாம், தரையில் சுருள் கிடக்கும்.

இப்படிக்கு,
கடைசித் தெரு, தென்கோடி வீட்டுக்காரன்