விண்வெளித் துறையினர் பேசிப் பழக மேடை தேவையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளித் தொழில் என்றாலே ராக்கெட் ஏவுதலும் முதலீட்டுத் தொகையும்தான் செய்தியாகின்றன. அத்துறையில் உழைப்பவர்கள் மாலையில் ஓரிடத்தில் கூடி, சம்பிரதாயம் இல்லாமல் பேசிக்கொள்ளும் சந்திப்புகளை யாரும் கண்டுகொள்வதில்லை. வேலை தெரிந்தவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும். ஆய்வுக் கட்டுரைகளில் வெற்றி பெற்ற வடிவமைப்புதான் அச்சாகிறது. எது பழுதானது, ஏன் பழுதானது என்பது பெரும்பாலும் வாய்வழியாகத்தான் பரவுகிறது.

செயற்கைக்கோள் தரையோடு பேசும் ரேடியோ அலைவரிசையையே எடுத்துக்கொள்வோம். முதல் செயற்கைக்கோளைச் செய்யும் குழுக்கள் பல, கலத்தை வடிவமைத்து முடித்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கின்றன. அலைவரிசைகளை உலக அளவில் ஒருங்கிணைக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கான விண்ணப்பம் அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அனுமதி விஷயத்தில் அவசரம் உதவாது. அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் 2018-இல் நான்கு குட்டிச் செயற்கைக்கோள்களை ஏவிய ஓர் அமெரிக்க நிறுவனம் 9 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. மறுப்புக்குக் காரணம், அவ்வளவு சிறிய கலங்களைத் தரையிலிருந்து கண்காணிக்க முடியுமா என்ற சந்தேகம். "விண்ணப்பம் போட்டாயிற்றா?" என்று அனுபவசாலி ஒருவர் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் ஒரு குழுவின் கால அட்டவணையே பிழைக்கும். லித்தியம் அயனி பேட்டரியை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து கெட்டுவிடும் என்பதும், வெற்றிடத்தில் பசை ஆவியாகிக் கேமரா லென்ஸில் படியும் என்பதும் இதே ரகம். புத்தகத்தில் இருக்கின்றன, ஆனால் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தேடுவார்கள்!

இத்தகைய சந்திப்பு தானாக அமைந்துவிடாது. முப்பது, நாற்பது பேர் போதும். நால்வர், ஐவர் நிற்கும் வட்டத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கும். எட்டுப் பேரானால் ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எல்லோருக்கும் நாற்காலி போட்டால் அலுவலகத்தில் பக்கத்தில் உட்காருபவரோடே இங்கும் உட்கார்ந்துவிடுவார்கள். நின்று பேசும் உயரத்தில் மேசைகளும், நிற்க முடியாதவர்களுக்குச் சில நாற்காலிகளும் போதும். எதிரில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் சரிப்படாது. இசையை நிறுத்துங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

உரை வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, பத்து நிமிடம், திரை இல்லாமல். அதுவும் பேசுபவருக்கே இன்னும் விடை கிடைக்காத கேள்வியில் முடிய வேண்டும். கூட்டம் சேர்ந்து அரை மணி கழித்து அதை வைத்தால், அடுத்த இரண்டு மணி நேரப் பேச்சுக்கு அது தீனியாகும். வரவேற்புரை, சிறப்புரை, ஆதரவாளர் உரை, நன்றியுரை என்று அடுக்கினால் வந்தவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். மைக் அணைந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பணம் தரும் நிறுவனத்தின் பெயரைப் பலகையில் போடலாம், மைக்கைத் தரக்கூடாது.

பெயர் அட்டையில் பதவி வேண்டாம். பெயருக்குக் கீழே "தேடுவது", "உதவக்கூடியது" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "தேடுவது: அதிர்வுச் சோதனைக்கு இடம்" என்று எழுதிய மாணவியிடம் ஆய்வகப் பொறுப்பாளர் தானே வந்து பேசுவார். பதவி போட்டால் எல்லோரும் இயக்குநரைத்தான் மொய்ப்பார்கள். வாசலில் இருவர் நின்று, தனியாக வருபவரை ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வட்டத்தில், காரணம் சொல்லிச் சேர்க்க வேண்டும். புதியவர் மறுமுறை வருவதும் வராததும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான். காப்பீட்டாளர், வழக்கறிஞர், உலோகம் பற்றவைப்பவர் எல்லோரையும் அழையுங்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது ரகசியம். யார் சொன்னார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்ற, லண்டன் ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸின் விதி 1927 முதல் வழக்கில் இருக்கிறது. அதை அறிவித்துவிட்டால் எதையும் பேசலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆபத்தான எண்ணம். அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின்படி, கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத் தகவலை வெளிநாட்டவரிடம் வாயால் சொன்னாலும் அது ஏற்றுமதிதான். இருவரும் அமெரிக்காவுக்குள்ளேயே நின்று பேசினாலும் விலக்கில்லை. காப்புரிமையும் அப்படியே. விண்ணப்பிக்கும் முன்பு பொதுக் கூட்டத்தில் கண்டுபிடிப்பை விவரித்துவிட்டால், ஐரோப்பா உட்படப் பல இடங்களில் அது புதுமை இழந்ததாகி, காப்புரிமை கிடைக்காமல் போய்விடும். ஆகவே வெளியான தகவல், பொதுவான இயற்பியல், நடைமுறை அனுபவம் ஆகியவற்றோடு நிற்க வேண்டும். வரைபடம், செயல்திறன் எண்கள் பக்கம் போகக்கூடாது. இதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். கேட்காமல் படமெடுப்பதும் கூடாது; போட்டி நிறுவனங்களைச் சேர்ந்த இருவர் பேசிக்கொண்டிருக்கும் ஒரு படம் போதும், வதந்தி கிளம்ப.

யூரி ககாரின் முதல் மனிதராக விண்ணில் பறந்த ஏப்ரல் 12-ஐ ஒட்டி 2001 முதல் பல நாடுகளில் 'யூரியின் இரவு' கொண்டாடப்படுகிறது. அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். இரண்டும் நல்ல தொடக்கம். ஆனால் ஆண்டுக்கொரு விழாவில் நம்பிக்கை வளராது. தோல்வியைப் பற்றி மனம் திறந்து பேச, அதே முகங்களை மூன்று நான்கு முறையாவது பார்த்திருக்க வேண்டும். மாதந்தோறும் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்வதே சரி.

தங்கள் நாளிதழின் நிகழ்ச்சிகள் பகுதியில் இச்சந்திப்புகளின் தேதி, இடம், எடுத்துக்கொண்ட கேள்வி ஆகியவற்றுக்கு இரண்டு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். துறைக்குள் யாரையும் அறியாத மாணவர்களுக்கு அந்த இரண்டு வரிதான் அழைப்பிதழ்.

இப்படிக்கு,
விண்வெளித் துறையில் பணிபுரியும் வாசகர்கள்