பத்து புரோட்டா பாக்கி

திருச்சி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்ளே,

இங்கு அனைவரும் நலம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை 180. உனக்கு எவ்வளவு என்று எழுது.

இரண்டு வருஷமாக ஒரு வரி போடாதவன் திடீரென்று கத்தையாக எழுதுகிறானே, கைமாத்து கேட்கப் போகிறானோ என்று பயந்துவிடாதே. கடனை அடைக்கத்தான் எழுதுகிறேன். பத்து புரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். 1987 விலையா இன்றைய விலையா என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீ சொன்னதுதான் சரி. நம் ஹெர்பி கேசட்டின் முதல் ஐட்டத்தில் கீழே 'தூம் தூம்' என்று ஒரு வரி போகுமே, அது என் பேஸ் கிட்டார் கம்பியா, உன் கீபோர்டு பொட்டியா என்று பந்தயம் கட்டினோமே, அது கம்பி இல்லை. பொட்டி.

சிரித்து முடித்துவிட்டு அடுத்த வரிக்கு வா.

பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து பொண்ணு வந்திருந்தாள். ரிட்டயர் ஆன அப்பாவுக்குப் பொழுது போகவேண்டுமாம், ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கி வந்தாள். கூடவே அங்கே ஏதோ பழைய கடையில் கிடைத்த ஒரே ஒரு எல்பி. 'நீ எப்பவும் முணுமுணுப்பியே, அந்த ஆள்தானேப்பா?' என்றாள். அட்டையைப் பார்த்தால் கீபோர்டுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், முகம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு முகமூடி. ஐவரி கோஸ்ட் பக்கத்து பவுலே மக்கள் கூத்தில் போட்டுக்கொள்ளும் முகமூடியின் சாயலாம் அது. ஆனால் கண்கள் ரேடியோ குமிழ் மாதிரி, வாய் டேப் ரெக்கார்டர் மீட்டர் மாதிரி. ஜாஸ் கீபோர்டுக்காரர் ஹெர்பி ஹான்காக், ஆல்பம் ஹெட் ஹண்டர்ஸ், 1973.

நமக்கு அந்த அட்டையே தெரியாதே மாப்ளே! நம்மிடம் இருந்தது உன் சிங்கப்பூர் மாமா கொடுத்த டிடிகே 90 மட்டும்தான். மேலே பச்சை மையில் 'ஹெர்பி' என்று ஒரு சொல். பாட்டுப் பெயர் கிடையாது, யார் யார் வாசித்தார்கள் என்று கிடையாது. இப்போது கூட்டிப் பார்த்தேன், இந்த எல்பி மொத்தம் நாற்பத்தொன்றரை நிமிடம். தொண்ணூறு நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்துகொள்ளும். மறுபக்கம் இருந்தது அடுத்த வருஷம் வந்த திரஸ்ட். நாம் இரண்டையும் ஒரே ஆல்பம் என்று நினைத்து வருஷக்கணக்கில் ஓட்டினோம்.

பின்னட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஐந்தே பேர். ஹெர்பி, சாக்ஸபோனுக்கு பென்னி மாபின், பேஸுக்கு பால் ஜாக்சன், டிரம்ஸுக்கு ஹார்வி மேசன், தாளத்துக்கு பில் சம்மர்ஸ். கிட்டார் என்று ஒரு ஆளே இல்லை! அப்படியானால் முதல் ஐட்டத்தில் 'ட்டிக்க டிக்க' என்று ஒன்று வருமே, வாத்தியார் மூன்று மாதம் உட்கார்ந்து கிட்டாரில் எடுத்தாரே, அது யார்? அன்று ராத்திரி தூங்கவில்லை. தேடித் தேடிப் படித்தேன். அது பால் ஜாக்சனாம். பேஸ் கிட்டாரின் மேல் கட்டையில் போய் வாசித்திருக்கிறார். அவர் அங்கே போய்விட்டதால், கீழே 'தூம் தூம்' என்று போகும் அந்த வரியை ஹெர்பியே ஆர்ப் ஒடிசி என்ற சிந்தசைசரில் வாசித்துவிட்டார்.

ஆக, நீ பொட்டி என்று சொன்னது பொட்டி. கிட்டார் என்று நாம் எல்லாரும் சத்தியம் செய்தது பேஸ். என் வாத்தியம் அதில் இருக்கத்தான் இருக்கிறது, நான் கை காட்டிய இடத்தில் இல்லை. அந்த வரியின் கடைசியில் ஒரு வழுக்கல் வருமே, அதற்காக நான் கம்பியில் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கொப்புளம் வந்து, நம் டிரம்ஸ் கிளியின் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார்களே... சரி, விடு.

கிளிக்கும் போன் செய்தேன். அவன் என்ன சொல்வான் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 'கேசட்டைத் திருப்பினா டிரம்ஸ் வேற ஆளுடா'. நாம் இருவரும் அவனைப் போட்டு வாரியிருக்கிறோம். உண்மைதான்! முதல் பக்கம் ஹார்வி மேசன். அவர் ஸ்டுடியோ வேலைக்காரர், ஊர் ஊராகச் சுற்ற வரவில்லை. அதனால் பால் ஜாக்சன் தன் ஓக்லண்ட் கூட்டாளி மைக் கிளார்க்கை அழைத்து வந்திருக்கிறார். இரண்டாம் பக்கம் முழுக்க அவர்தான். கிளி தலைகீழாக நின்றும் பிடிக்க முடியாத அந்தத் தாளம் இருக்கிறதே, அதன் பெயர் ஆக்சுவல் புரூஃப். 'உன் கட்சிக்கு நேரடி ஆதாரமே கிடைச்சிடுச்சுடா' என்றேன். 'எனக்கு அப்பவே தெரியும். வேற விஷயம் இருக்கா? சவுண்ட் பாக்ஸ் ஏத்திக்கிட்டிருக்கேன்' என்று வைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அவன் மாறவே இல்லை.

அதற்கப்புறம் இந்த ஆளைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் தங்கச்சி, 'பேங்க் பரீட்சைக்குக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டீங்க' என்கிறாள். கதையைக் கேள். சிகாகோக்காரர். பதினொரு வயதில் சிகாகோ சிம்பனியோடு மோட்சார்ட் வாசித்த பையன். 1962ல் முதல் ஆல்பத்திலேயே தர்பூசணிக்காரனைப் பற்றி ஒரு மெட்டு. சின்ன வயதில் அவர் தெருவில் தர்பூசணி வண்டி போகுமாம், கல் பாவிய தெருவில் அதன் சக்கரம் எழுப்பிய சத்தம்தான் அந்த மெட்டுக்கு வேர். அதை மோங்கோ சாண்டமரியா என்ற கியூபா தாளக்காரர் வாசித்து 1963ல் பெரிய ஹிட் ஆக்கினார். டொனால்ட் பேர்ட் என்ற ட்ரம்பெட்கார அண்ணன் ஒருவர், 'பாட்டின் உரிமையை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே' என்று முன்னாடியே காதில் ஓதி வைத்திருந்ததால் காசு வந்தது. இவர் உடனே என்ன செய்தார் தெரியுமா? கோப்ரா ரேஸ் கார் வாங்கினார். நம் சாதிதான்.

அப்புறம் ஐந்து வருஷம் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழு. அங்கிருந்து வெளியே வந்து சொந்தக் குழு. ம்வாண்டிஷி என்று ஸ்வாஹிலியில் பெயர், மூன்று ஆல்பம், அண்டவெளியில் மிதக்கிற மாதிரி இசை. நானும் இப்போது கேட்டுப் பார்த்தேன். முதல் நாள் தலை சுற்றியது, மூன்றாம் நாள் பிடித்துப்போனது. அந்தக் காலத்தில் மூன்று நாள் பொறுக்க யார் இருந்தார்கள்? கச்சேரிக்குக் கூட்டம் இல்லை, தூக்கிச் சுமக்க மூட்டை மூட்டையாகச் சாமான். தர்பூசணிக் காசைப் போட்டுத்தான் குழுவை ஓட்டியிருக்கிறார். கடைசியில் கலைத்துவிட்டார்.

அடுத்தது நடந்ததுதான் என்னை உலுக்கியது. அவர் புத்த மதத்தில் சேர்ந்து மந்திரம் ஜபிக்கிறவர். ஒரு நாள் ஜபத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்லை ஸ்டோன் என்ற பாடகரின் ஃபங்க் பாட்டு, ஆட்டம் போட வைக்கிற ரகம், மனசில் ஓடுகிறது. தான் அந்தக் குழுவில் வாசிப்பதுபோல ஒரு எண்ணம், நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே மாற்றிப் பார்க்கிறார்: நம் சொந்தக் குழுவே இப்படி வாசித்தால்? உடனே உள்ளுக்குள் ஒரு அருவருப்பு. 'சே, நாம் ஜாஸ்காரன், அந்த மட்டத்துக்கு இறங்குவதா' என்று. அந்த அருவருப்பை அவரே கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறார். எத்தனை வருஷமாகப் பெரிய ஆட்கள் என் இசையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்களோ, அதே சுளிப்பு என் மூஞ்சியிலும் இருக்கிறதே என்று. அப்புறம்தான் இந்தக் குழு. பழைய ஆட்களில் பென்னி மாபினை மட்டும் வைத்துக்கொண்டார். ஜாஸ்காரர்களுக்கு ஃபங்க் சொல்லிக் கொடுக்க மெனக்கெடவில்லை. ஃபங்க் ஊறிய ஆட்களில் ஜாஸும் தெரிந்தவர்களாகப் பொறுக்கி எடுத்தார். சான் பிரான்சிஸ்கோவில் பதிவு செய்து அக்டோபரில் வெளிவந்தது. பாட்டுக்காரனே இல்லாத ஒரு ஆல்பம் பாப் பட்டியலில் 13ஆம் இடம் வரை போயிற்று, ஜாஸ் பட்டியலில் பதினைந்து வாரம் முதலிடம், பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை. திரஸ்டும் அதே 13. பதினைந்து நிமிட ஐட்டத்தைச் சின்னதாக வெட்டி ரேடியோவில் போட்டிருக்கிறார்கள். ஜாஸ் விமர்சகர்களில் சிலர் 'காசுக்கு விலை போய்விட்டான்' என்றார்கள். சொல்லாமல் இருப்பார்களா?

இரண்டாவது ஐட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பழைய தர்பூசணி மெட்டுதான் அது, ஹார்வி மேசன் புதிதாக மாற்றி அமைத்தது. ஆரம்பத்தில் 'ஊ... ஹூ' என்று ஒரு குழலும் குரலும் மாறி மாறி வருமே, அது குழலே இல்லை, பீர் பாட்டில்! பில் சம்மர்ஸ் பாட்டிலில் ஊதி, இடையிடையே வாயால் பாடுகிறார். மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் பாபென்சேலே மக்கள் ஒற்றைச் சுரக் குழலில் அப்படி வாசிப்பார்களாம். பார்த்துவிடுவோம் என்று பரண் மேலிருந்து ஒரு பழைய பாட்டிலை எடுத்துக் கழுவினேன். காலியாக ஊதினால் கப்பல் சங்கு மாதிரி கனத்த சத்தம். பாதி தண்ணீர் ஊற்றினேன், சுருதி மேலே ஏறியது. இன்னும் இரண்டு மிடறு. ஓரளவு ஒட்டி வந்தது. கண்ணை மூடி 'ஊ... ஹூ' என்று உச்சத்தில் இருக்கும்போது ஒரு அமைதி. திறந்தால் வாசலில் உன் தங்கச்சியும் மாடி வீட்டு மாமியும் தாம்பூலத் தட்டோடு. கையில் பீர் பாட்டில், மணி காலை பத்தரை. அதற்குமேல் நான் எழுதவேண்டியதில்லை.

மாப்ளே, இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பாட்டில், கோப்ரா கார் என்று சுற்றிச் சுற்றி இங்கே வந்து நிற்கிறேன்.

அந்த முதல் ஐட்டத்துக்கு நாம் பெயர் வைக்கவே இல்லை. 'நீளப் பாட்டு' என்போம். அட்டையில் பெயர் இருக்கிறது: கமீலியன். பச்சோந்தி.

அன்றைக்கு ரெக்கார்டை நிறுத்திவிட்டேன். பொண்ணு 'என்னப்பா?' என்றாள். ஒன்றுமில்லை, முள்ளில் தூசு என்றேன்.

1989 ஆவணி, முதல் முகூர்த்தம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அந்த ரிசப்ஷன் கச்சேரிக் குழுவின் வேன் நிற்கிறது. பழைய பூப்போட்ட பெட்ஷீட்டில் சுற்றிய பொட்டியை நீ உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கிறாய். நான் சைக்கிளை விட்டு இறங்காமலே, வேனில் இருந்த எல்லார் முன்னாலும் கத்தினேன். 'நேத்து வரைக்கும் ஹெர்பி, இன்னிக்கு மணமக்களே வாழ்கவா? பச்சோந்திடா நீ.' நீ ஒன்றும் சொல்லவில்லை. பெட்ஷீட்டின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாய். அது மட்டும் படம் மாதிரி நிற்கிறது.

அந்தப் பொட்டியை வைத்துத்தான் இரண்டு தங்கைகளைக் கரையேற்றினாய். இரண்டு கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்து மூன்றாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தவன் நான். உன்னைச் சொன்னேனே, நான் என்ன கிழித்தேன்? நாலே மாதத்தில் பேங்க் ஆர்டர் வந்ததும் கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். நீ முப்பது வருஷம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை வாசித்தாய், இன்றைக்கும் கோயம்புத்தூரில் வாண்டுகளுக்குச் சொல்லித் தருகிறாய். நம் மூவரில் வாசிப்பை விடாதவன் நீ ஒருவன்தான். அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ எப்போதோ மன்னித்திருப்பாய், அல்லது மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. போனில் சொன்னால் நீ ஜோக் அடித்து மாற்றிவிடுவாய் என்றுதான் கடிதம்.

சரி, மூக்கைச் சிந்திக்கொண்டாயிற்று. இன்னொரு செய்தி. 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாலிவுட் பவுல் அரங்கில் அந்தப் பழைய ஆட்கள் மறுபடி ஒன்றாக மேடை ஏறினார்கள். ஹெர்பிக்கு 84 வயது. மாபின், மேசன், சம்மர்ஸ் மூவரும் வந்தார்கள். பால் ஜாக்சன் 2021ல் ஜப்பானில் காலமாகிவிட்டார், அவர் இடத்தில் மார்கஸ் மில்லர். அவர்களே ஏறும்போது நமக்கென்ன கேடு?

கிளியின் குடோனில் ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. ஸ்பீக்கருக்குப் பஞ்சமில்லை. மாசி பிறந்ததும் ஒரு ஞாயிறு பார்த்து நீ பொட்டியோடு ஜனசதாப்தி ஏறு. தூம் தூமை நீயே வாசி, அது உன்னுடையதுதான். நான் மேலே போய் அந்த 'ட்டிக்க டிக்க'வை எடுக்கப் பார்க்கிறேன். பரணிலிருந்து இறக்கியாயிற்று. இரண்டு கம்பி துருப்பிடித்திருக்கிறது, விரல் அதைவிட மோசம். வாத்தியாரிடம் மட்டும் அது கிட்டார் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். அவருக்கு 78 ஆகிறது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உடனே பதில் போடு, சர்க்கரை அளவோடு.

உன்,
கம்பி

பி.கு: ஆம்லெட் பந்தயத்தில் சேர்த்தி இல்லை என்று கிளி அடித்துச் சொல்கிறான். சாட்சி அவன்தான். ஆகவே பத்து புரோட்டா மட்டும். ஆம்லெட் வேண்டுமென்றால் உன் காசில் தின்னு.