வாய்க்கா வெட்ட வந்த எல்லாருக்கும் ஒரு கும்பிடு

ஊர்க்காரவங்களுக்கு வணக்கம். 2024 கோடையில வெட்டுன வாய்க்காலுக்கு இப்ப என்னவே நன்றின்னு கேப்பிய. அந்த வருசம் டிசம்பர்ல தாமிரபரணி ஆறு மறுபடி பெருகுனப்ப நம்ம குளத்துக்கரை தாங்குதான்னு பாத்துட்டு எழுதலாம்னுதான் இருந்தேன். தாங்கிருச்சு.

வெளியூர்ல இருக்க பிள்ளைகளுக்காக கொஞ்சம் விவரம் சொல்லுதேன். 2023 டிசம்பர் 17, 18 மழைய யாரும் மறந்திருக்க மாட்டிய, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட மாட்டிக்கிட்ட ஜனங்களுக்கு பக்கத்து ஊர்க்காரவங்க தான் வீட்டு அரிசிய போட்டு பொங்கிக் குடுத்தாவ. நமக்கும் கரை உடைஞ்சுது. உடைப்ப மணல்மூட்ட போட்டு அடைச்சாச்சு, ஆனா தாமிரபரணியில பிரியுற பாளையங்கால்வாய்ல இருந்து நம்ம குளத்துக்கு வர்ற வாய்க்கா பூரா மண்ணு, மண்ணுக்கு மேல அமலைச்செடி, அதான் ஆகாயத்தாமரை, அமலைக்குள்ள மேல இருந்து வந்த அம்புட்டு பிளாஸ்டிக்கும். நாமளோ கடைமடை, தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம், மேல எது அடைச்சாலும் காயுறது நம்ம வயலுதான்.

அது 2024 எம்.பி. எலெக்‌ஷன் நேரம் வேற. கை, தாமரை, இரட்டை இலை, மைக்குன்னு தெருவுக்கு ஒரு சின்னம். டீக்கடையில ஒருத்தர் பேப்பர விரிச்சா இன்னொருத்தர் எந்திரிச்சு போயிருவாரு, சொந்த மச்சானும் மச்சானுமே பேச்சுவார்த்தை இல்ல. ஏப்ரல் 19ல ஓட்டு போட்டாச்சு, எண்ணப்போறது ஜூன் 4. நடுவுல தேர்தல் நடத்தை விதி இருக்கதால அரசாங்கமும் புதுசா வேலை தொடங்க முடியாது, எந்த கட்சியும் போர்டு வைக்க முடியாது, ஜெயிச்சது யாரு தோத்தது யாருன்னும் தெரியாது. "எலே, இப்ப விட்டா எப்பவும் முடியாது, ரிசல்ட் வந்துட்டுன்னா ஒருத்தன் வெடி போடுவான், ஒருத்தன் கதவ சாத்திக்குவான்"னு சொன்ன டீக்கடை அண்ணாச்சிக்குத்தான் மொத நன்றி. எனக்கு தெரிஞ்சு ஊர்ல அரசியல் ஒழுங்கா புரிஞ்ச ஒரே ஆளு அவுகதான், அவுக எந்த கட்சின்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

மொத கூட்டம் சண்டையிலதான் முடிஞ்சுது. ஆனா நல்லா கவனிச்சா அதுல கட்சிப்பேச்சே இல்ல. மேலமடைக்காரவங்க தண்ணிய முறை தாண்டி திருப்பிக்கிடுதாவன்னு கீழமடைக்காரவங்களுக்கு பழைய கோவம், அது போக கோயில் கொடைக்கு வரி வாங்குனதுல ஒரு மனத்தாங்கல், இதெல்லாம்தான் கட்சி துண்ட போட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கு. அத வெளிப்படையா போட்டு உடைச்ச மேலத்தெரு ஆச்சிக்கு பெரிய கும்பிடு. "ஒங்க தலைவன் எவனும் நம்ம மடைய தொறக்க வரப்போறதில்ல, மொதல்ல முறைய பேசுங்கல"ன்னு ஏசுனாவ பாருங்க, அம்புட்டு பேரும் கப்சிப். கடைசில எந்த மடைக்கு எந்த கிழமைன்னு ஒரு நோட்டுல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்ட பெறவுதான் மம்பட்டிய தொட்டோம்.

வாய்க்காவ பாத்துக்கிடுற செக்‌ஷன் ஆபீஸ்ல சொல்லி அனுமதி வாங்கித்தந்து, எங்க தோண்டலாம் எங்க தோண்டுனா கரை பலகீனமாயிரும்னு கூடவே நடந்து காட்டுன லஸ்கர் அண்ணாச்சிக்கு, அதான் மடைய தொறந்து அடைக்குற அரசாங்க ஆளுக்கு, நன்றி. அவுக இல்லன்னா ஜேசிபி டிரைவர் கரையவே வழிச்சு எடுத்திருப்பாரு. டீசல் காச மட்டும் வாங்கிக்கிட்டு வாடகை வேண்டாம்னுட்டாரு அந்த தம்பி, அவருக்கும் நன்றி. அமலைய மட்டும் மிஷின் வச்சு முழுசா எடுக்க முடியல, ஒரு துண்டு கெடந்தாலும் திரும்ப பரவிரும், அத இடுப்பளவு சகதியில நின்னு கையால அள்ளுனது நூறுநாள் வேலைக்கு போற அக்காமாருங்கதான். லீவு நாள்ல வந்தாவ. அதுல ரெண்டு பேரு பிரச்சாரத்துல எதிரெதிரா மைக் பிடிச்சவங்க, ஒரே சாக்க ஆளுக்கொரு முனை பிடிச்சு தூக்குனாவ. திட்டிக்கிட்டேதான் தூக்குனாவ, அது வேற.

கூட்டாஞ்சோறு ஆக்கிப்போட்ட கீழத்தெரு பெண்டுக, வரவு செலவ தினமும் கடை செவுத்துல எழுதி ஒட்டுன டியூஷன் வாத்தியாரு, துபாய்ல இருந்து பணம் போட்டு பேரு போடாதீங்கன்னு சொன்ன தம்பி எல்லாருக்கும் நன்றி. வேலைக்கு வரமாட்டேன்னு நின்ன நாலஞ்சு பேருக்கும் நன்றி சொல்லணும், அவுக தடுக்கவும் இல்ல, அதுல ஒருத்தரு வீட்டு கரண்ட்லதான் மோட்டார் ஓடுச்சு.

ஜூன் 4ல வெடி போட்டாவ, சண்டையும் வந்துது. மச்சானும் மச்சானும் இன்னும் பேசிக்கல. ஆனா முறை நோட்டு மட்டும் இன்னிக்கு வரைக்கும் மீறாம நடக்கு.

கையில மிச்சமிருக்க காசு, குளம் நெறஞ்சா தண்ணி வெளிய போற மறுகால் பக்கம் கெடக்க உடைமரத்த வெட்டுறதுக்குன்னு வாத்தியாருகிட்ட இருக்கு, தேதி சொல்லுவாவ. ரெண்டு மம்பட்டியும் ஒரு பெரிய வட்டாவும் எங்க வீட்டு திண்ணையிலயே கெடக்கு, யாருதுன்னு பாத்து எடுத்துட்டு போங்க மக்கா.